கம்பியை விடுங்க சார்

— ஜூன் பதினொன்றாம் தேதி, செவ்வாய்க்கிழமை, காலை வகுப்பில், குழந்தைகள் அத்தனை பேர் முன்னிலையிலும், உங்கள் நீச்சல் பயிற்சியாளர் என்னைப் பார்த்து, "கம்பியை விடுங்க சார்" என்று சொன்னார். இதுவே என் முறையீடு.

— சரி சார். அப்புறம்?

— அப்புறம் என்ன அப்புறம்? அவ்வளவுதான்.

— இல்ல, அதுக்கு மேல ஏதாவது சொன்னானா… சொன்னாரா? திட்டினாரா?

— இல்லை.

— கையப் புடிச்சு இழுத்தாரா?

— தொடவே இல்லை.

— சத்தம் போட்டாரா?

— மெல்லிய குரலில்தான் சொன்னார். அதுதான் இன்னும் கேவலம். உரக்கச் சொன்னால் பாதிப் பேர்தான் திரும்பிப் பார்ப்பார்கள். மெல்லச் சொன்னால் எல்லாரும் பார்ப்பார்கள். பணி ஓய்வு பெறும்வரை வகுப்பறையில் நின்றவன் நான். அந்த நுட்பத்தை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

— சார், நான் இந்த நீச்சல் குளத்து மேனேஜர். என்கிட்ட விதவிதமா புகார் வரும். தண்ணி சில்லுனு இருக்கும்பாங்க, துண்டு காணோம்பாங்க. நீச்சல் சொல்லிக்குடுக்கிறவர் கம்பியை விடச் சொன்னார்னு வந்த முதல் ஆளு நீங்கதான். வேற என்ன சொல்வாரு அவரு? நல்லா இறுக்கிப் புடிச்சிக்கங்க, அப்படியே கம்பியோட வீட்டுக்குப் போயிடுங்கன்னா?

— எள்ளல் வேண்டாம், அம்மா.

— முதல்ல உக்காருங்க சார். அந்த நாற்காலி வேண்டாம், அதுல ஈரத்துண்டு கெடக்கு. இதுல உக்காருங்க.

— நின்றுகொண்டே சொல்கிறேன். முறையிடுபவர் உட்கார்ந்துவிட்டால் முறையீடும் கூடவே உட்கார்ந்துவிடும்.

— அதுவும் சரிதான். நீங்க சேந்து எவ்வளவு காலமாச்சு சார்?

— ஐந்து மாதம்.

— உங்ககூடச் சேந்த பிள்ளைங்கல்லாம்?

— நீலத் தொப்பிக்குப் போய்விட்டார்கள்.

— அதுங்களுக்கு அப்புறம் சேந்ததுங்க?

— அவர்களும் நீலத் தொப்பி.

— நீங்க?

— சிவப்புத் தொப்பி. அதிலென்ன குறை? ஆரம்ப வகுப்பென்றால் அதற்கும் ஒரு மூத்தவர் இருக்க வேண்டாமா?

— குறைன்னு நான் சொல்லல சார். ஓரத்துல இருக்கிற கம்பியைப் புடிக்காம குளத்துக்குக் குறுக்கால ஒரே ஒருதடவ போயிட்டா நீலத் தொப்பி. அஞ்சு வயசுப் பிள்ளைங்க மூணு வாரத்துல வாங்கிட்டுப் போயிடுதுங்க.

— ஐந்து வயதுக் குழந்தைக்கு இழப்பதற்கு என்ன இருக்கிறது? நான் முன்னால் வந்து நிற்பதற்கு முன் அந்த வகுப்பு எப்படி இருந்தது என்று யோசித்துப் பாருங்கள். சந்தை! ஒருவன் தலைமேல் இன்னொருவன் குதிக்கிறான், ஒருத்தி மூக்கைச் சிந்தி அடுத்தவள் தோளில் துடைக்கிறாள். அவர்களை உயர வரிசைப்படி நிற்க வைத்தது யார்? நாள்தோறும் வருகை எடுப்பது யார்? "உள்ளேன் ஐயா" என்று பதில் சொல்லப் பழக்கியது யார்?

— அப்படிச் சொல்லப் போய்த்தான் ஒரு பாப்பா அரைக்குளத்து தண்ணியக் குடிச்சிட்டா.

— மூச்சை வெளியே விடும்போது சொல்லியிருக்க வேண்டும். அவளுக்கு விளக்கியிருக்கிறேன்.

— அந்த எச்சரிக்கைப் பலகை மேல கறுப்பு மையால கிறுக்கினதும் நீங்கதானே சார்?

— கிறுக்கவில்லை, திருத்தினேன். "நீந்த தெரியாதவர்கள் ஆழமான பகுதிக்கு செல்ல கூடாது." ஒரே வாக்கியத்தில் மூன்று இடங்களில் ஒற்று விடுபட்டிருக்கிறது. ஓர் எச்சரிக்கையே இப்படித் தள்ளாடினால், அதை நம்பி ஒருவன் எப்படி உயிரைக் காப்பாற்றிக்கொள்வான்?

— நல்லது சார். நீங்க திருத்தினதுக்கப்புறம் யாரும் மூழ்கல. ஆனா ஒண்ணு. நீங்க நிக்கிற எடம் ஆழமான பகுதி இல்லையே. இடுப்பளவு தண்ணி சார்.

— அச்சத்துக்கு ஆழம் தேவையில்லை, அம்மா.

— யாருக்கு அச்சம்?

— பொதுவாகச் சொன்னேன். மனித இனத்துக்கு.

— அதாங்க, மனித இனத்துக்கு. பாவம். சரி, உங்க புகாரை நான் ஏத்துக்கிறேன். இங்க ஒரு வழக்கம் இருக்கு சார். கோச் மேல புகார் வந்தா, ஒரு வாரம் அவரை வேலைக்கு வரக்கூடாதுன்னு நிறுத்தி வெச்சிருவாங்க. நீச்சல் சங்கத்துக்காரங்க விசாரிச்சு முடிக்கிற வரைக்கும் வகுப்பு கெடையாது.

— ஒரு வாரமா? அப்படியானால் ஞாயிறு கடந்துவிடும்.

— கடந்துரும். ஞாயித்துக்கிழமைக்கு என்ன சார்?

— ஒன்றுமில்லை. ஒரு வாரம் என்றால் அதில் ஞாயிறும் அடங்கும் என்று சொன்னேன்.

— சார்.

— என்ன?

— ஞாயித்துக்கிழமை என்ன?

— மறுபடியும் மெல்லிய குரல். இந்தக் குளத்தில் வேலை பார்க்கும் எல்லாருக்கும் இந்தப் பயிற்சி கொடுத்திருக்கிறார்களா?

— சொல்லுங்க சார். இங்க நீங்களும் நானும் இந்த ஈரத்துண்டும்தான்.

— ஞாயிற்றுக்கிழமை நாங்கள் ஏரிக்குப் போகிறோம். என் மனைவி, அவளுடைய தங்கை, தங்கை கணவர், பிள்ளைகள். போன வருடமும் போயிருந்தோம். எல்லாரும் தண்ணீருக்குள் இறங்கினார்கள். என் மனைவி கழுத்தளவு தண்ணீர்வரை போனாள். நான் கரையில் நின்றேன்.

— நின்னா என்ன சார்?

— அவள் ஒரு வார்த்தை கேலி செய்திருந்தால் பதிலுக்கு நான் இரண்டு வார்த்தை சொல்லியிருப்பேன். கேலி செய்யவில்லை. என் கையில் பையைக் கொடுத்து, "நீங்க பையைப் பாத்துக்கங்க" என்றாள். அன்றைக்குக் கரையில் நின்று யோசித்துப் பார்த்தேன். கல்யாணமான நாளிலிருந்து எங்கே போனாலும் நான்தான் பைக்குக் காவல். ராட்டினத்தில் அவள் மேலே போய்க் கத்துகிறாள். நான் கீழே பையோடு நிற்கிறேன். மலையில் அவள் உச்சிக்குப் போய்க் கையசைக்கிறாள். நான் அடிவாரத்தில் பையோடு நிற்கிறேன். ஒரு புகைப்படத்திலாவது நான் இருக்கிறேனா என்று வீட்டில் தேடிப் பார்த்தேன். ஒன்றில் என் முழங்கையும் பையின் வாரும் தெரிகின்றன.

— ஐயோ சார்.

— இந்த முறை நானும் இறங்குவேன் என்று அவளிடம் சொல்லிவிட்டேன். அதற்காகத்தான் இங்கே சேர்ந்தேன்.

— அவங்க என்ன சொன்னாங்க?

— "பாக்கலாம்" என்றாள். எங்கள் வீட்டில் அந்தச் சொல்லுக்கு எந்த அகராதியிலும் இல்லாத ஒரு பொருள் உண்டு.

— புரியுது சார். எங்க வீட்லயும் உண்டு. அப்ப, வகுப்பு நின்னுபோச்சுன்னா…

— "அநீதி இழைக்கப்பட்டது, முறையிட்டேன், வகுப்பு நிறுத்தப்பட்டது, ஆகவே பயிற்சி முழுமை பெறவில்லை" என்று தலை நிமிர்ந்து சொல்லலாம். பையையும் தலை நிமிர்ந்து பிடித்துக்கொள்ளலாம்.

— அதாவது, எங்க கோச் தலை மேல காலை வெச்சு நீங்க தலை நிமிரணும்.

— அந்த வாக்கியத்தில் ஒரு பிழையும் இல்லை. அதுதான் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

— இருங்க சார், அவனையே கூப்பிட்டுக் கேட்டுடலாம். டேய்! டேய், இங்க வாடா கொஞ்சம்!

— ஒரு பயிற்சியாளரை "டேய்" என்றா அழைப்பது?

— என் தம்பி சார். கூடப் பொறந்தவன்.

— ஆக, இவ்வளவு நேரமும் தம்பியைப் பற்றி அக்காவிடமே முறையிட்டுக்கொண்டிருக்கிறேனா!

— நீங்க எங்க சார் கேட்டீங்க? கதவைத் தொறந்ததும் தேதி சொல்ல ஆரம்பிச்சுட்டீங்க.

— கூப்பிட்டியாக்கா? …ஐயையோ. வணக்கம் சார்.

— வாயில இருக்கிற விசிலை எடுத்துட்டுப் பேசுடா. நீ வணக்கம் சொன்னது ரயில் கெளம்புன மாதிரி இருக்கு.

— மன்னிச்சுருங்க சார்.

— எதற்கு மன்னிப்பு?

— எதுக்கோ சார். நீங்க நின்னுட்டிருக்கீங்க. அப்ப நான் ஏதோ பண்ணியிருப்பேன்.

— நேற்றுக் காலை என்னைப் பார்த்து ஒன்று சொன்னீர்கள். ஏன் சொன்னீர்கள் என்பதை முழு வாக்கியத்தில் சொல்லுங்கள்.

— பிள்ளைங்க சார்.

— அது வாக்கியமல்ல.

— பிள்ளைங்க… கம்பியை விட மாட்டேங்குறாங்க சார்.

— எந்தப் பிள்ளை?

— எல்லாரும் சார். இந்த பேட்ச் மொத்தமும். துணி காயப்போட்ட மாதிரி வரிசையா தொங்குறாங்க. உயர வரிசையில.

— அப்படியானால் அது உங்கள் பயிற்சியில் உள்ள குறை.

— ஆமா சார்.

— டேய், எல்லாத்துக்கும் ஆமா போடாத. நேத்து ராத்திரி சாப்பிடறப்ப என்கிட்டச் சொன்னியே, அதைச் சொல்லு.

— வேணாங்கா.

— சொல்லுடா.

— "கையை விடுங்க, தானா மிதப்பீங்க"ன்னு பிள்ளைங்ககிட்டச் சொன்னேன் சார். அதுக்கு அந்த முன்பல்லு விழுந்த பாப்பா, "பெரிய கோச்சே விடலியே, நாங்க மட்டும் ஏன் விடணும்?"னு கேட்டுச்சு.

— பெரிய கோச்சா? அவர் யார்? நான் பார்த்ததே இல்லையே.

— நீங்கதான் சார்.

— நானா?

— முன்னாடி இருந்த பேட்ச்ல எல்லாம் நீங்க ஓரமா நிப்பீங்க. இந்த பேட்ச்ல முன்னால வந்துட்டீங்க. வருகை எடுக்குறீங்க. கை இப்படி, கால் இப்படின்னு சத்தமா சொல்லிக்குடுக்குறீங்க. என்னைவிட நல்லா சொல்றீங்க சார், பொய் இல்ல. அதுங்களும் பாக்குதுங்க. பெரிய கோச் கம்பியைப் புடிச்சிருக்காரு, அப்ப நீச்சல்னா இதான் போலன்னு நெனச்சுக்குதுங்க.

— இந்த விபரீதத்தை ஏன் என்னிடம் முன்பே சொல்லவில்லை?

— போன வாரம் ஒரு அம்மா வந்து, "பெரிய கோச்சுக்கு நன்றி சொல்லணும், எங்க இருக்காரு?"ன்னு கேட்டாங்க. உங்களைக் காமிச்சேன். திரும்பிப் போறப்ப என்கிட்ட, "தம்பி, இங்க தரையில தண்ணி தேங்கிக் கெடக்கு, கொஞ்சம் தள்ளி விடுங்க"ன்னாங்க.

— என்ன செய்தீர்கள்?

— தள்ளி விட்டேன் சார்.

— நான்தான் பயிற்சியாளர் என்று சொல்லியிருக்க வேண்டாமா?

— தண்ணி தேங்கித்தான் இருந்துச்சு சார்.

— அந்த அம்மையாரை எனக்கு நினைவிருக்கிறது. கைகூப்பி நன்றி சொன்னார். நானும் ஒரு கையால் ஏற்றுக்கொண்டேன். மற்றொரு கை கம்பியில் இருந்தது. கண்ணெதிரே ஒரு பிழை. நான் அதைத் திருத்தவில்லை. எச்சரிக்கைப் பலகையைத் திருத்தினேன், அதைத் திருத்தவில்லை.

— சார், மூஞ்சி ஏன் இப்படி வாடுது? உக்காருங்க.

— இப்போது உட்காருகிறேன்.

— அந்த நாற்காலி இல்ல சார்! …போச்சு. பரவால்ல, எப்படியும் நனையத்தான் போறீங்க.

— என்ன பொருளில் சொல்கிறீர்கள்?

— அடுத்த வகுப்புக்கு இன்னும் நேரம் கெடக்கு. குளத்துல ஒரு ஈ காக்கா இல்ல. பிள்ளைங்க இல்ல. பாக்கறதுக்கு நானும் இவனும்தான். வாங்க.

— இப்போதா? சாப்பிட்டதும் தண்ணீரில் இறங்கக் கூடாது.

— என்ன சாப்பிட்டீங்க?

— ஒன்றும் சாப்பிடவில்லை. முறையிடப் போகும் நாளில் நான் சாப்பிடுவதில்லை.

— அப்ப வாங்க சார். புகாரைக் குளத்தாண்ட வெச்சே பேசிக்கலாம்.

— குளத்துக்கு வந்தாச்சு. தொப்பி போட்டாச்சா சார்?

— போட்டாயிற்று.

— கண்ணாடி?

— மாட்டியாயிற்று.

— அப்ப ஏன் சார் படியிலயே நிக்கிறீங்க?

— தண்ணீரின் வெப்பத்தைக் கவனித்துக்கொண்டிருக்கிறேன்.

— டேய், நேரத்தைக் கடத்துறாரு. மெதுவா உள்ள கூட்டிட்டுப் போ.

— எறங்குங்க சார். …ஆங், அப்படித்தான். கம்பிகிட்ட வாங்க. இப்ப விடுங்க.

— உடனேயா? முதலில் கோட்பாட்டைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். நுரையீரலில் காற்று நிறைந்திருக்கையில் உடல் தண்ணீரைவிட இலேசாகிறது. ஆகவே அது மூழ்குவதற்கு இயற்கையில் வழியில்லை. மூழ்குவது என்பது பதற்றத்தால் நேர்வது. பதற்றமோ, அறியாமையால் நேர்வது.

— அருமையா சொல்றீங்க சார். உங்களுக்கு எல்லாமே தெரியுது.

— எனக்குத் தெரியும். என் கைக்குத் தெரியவில்லை.

— சுண்டுவிரலை மட்டும் எடுங்க சார். ஒரே ஒரு விரல்.

— எடுத்தாயிற்று.

— அதை மடக்கியிருக்கீங்க சார். எடுக்கல.

— இப்போது?

— இப்ப எடுத்துட்டீங்க. அடுத்த விரல்.

— அது தனியாக வராது. பக்கத்து விரலோடு சேர்ந்துதான் வரும்.

— ரெண்டையும் சேத்து எடுங்க சார்.

— அம்மா, உங்கள் தம்பி மிகவும் அவசரப்படுத்துகிறார். இதையும் என் முறையீட்டோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

— சேத்துக்கிறேன் சார். ஆனா ஒண்ணு கேக்கட்டா? ஆபீஸ்ல அச்சம், மனித இனம்னு என்னென்னவோ சொன்னீங்களே. அதை நேரா சொல்லிப் பாருங்களேன்.

— எதை?

— பயமா இருக்குன்னு.

— இத்தகைய சூழலில் அச்சம் தோன்றுவது இயல்பே…

— சார்.

— ஒருவருக்கு அப்படித் தோன்றுமாயின்…

— யாருக்கு சார்?

— எனக்கு.

— என்ன உங்களுக்கு?

— எனக்கு… எனக்குப் பயமா இருக்கும்மா.

— எனக்கும் சார்.

— உங்களுக்கு என்னய்யா பயம்? தண்ணீரிலேயே பிறந்தவர் மாதிரி இருக்கிறீர்கள்!

— அப்புறமா சொல்றேன் சார். இப்ப கையை எடுங்க.

— எடுக்கறேன். எடுத்துட்டேன். ஒரு கைதான், இன்னொரு கை இருக்கு. அதையும் எடுக்கறேன். நீ பக்கத்துலயே நில்லு. நகரக் கூடாது. நகரக் கூடாதுன்னு சொன்னேன்ல! டேய்! எங்கடா பின்னால போற! புடிடா! டேய் புடிடா! ஐயோ அம்மா!

— சார்! விட்டுட்டீங்க! ரெண்டு கையும் விட்டுட்டீங்க!

— எங்க விட்டேன்! விடலையே! ஐயையோ, விட்டுட்டேனே!

— கால் தரையிலதான் சார் இருக்கு. சும்மா நில்லுங்க.

— இருக்கா? …இருக்கு. இருக்குடா! இங்கயே இருக்கு!

— இப்ப மூச்ச இழுத்துட்டு, அப்படியே முன்னால என் கையில சாயுங்க. மொகத்தத் தண்ணியில வைங்க. நான் புடிச்சிருக்கேன்.

— நீ விட்டுட்டேன்னா?

— விட்டுருவேன் சார். ஆனா சொல்லிட்டு விடுவேன்.

— அது ஒன்னு போதும். நீ நல்லவன்டா. நான் செத்துட்டா எங்க வீட்டுல…

— இடுப்பளவு தண்ணி சார்!

— சரி, சரி. வெக்கிறேன்.

— லேசாத் தள்ளி விடுறேன் சார். சொல்லிட்டேன். விட்டாச்சு.

— டேய், மிதக்குறாருடா! சார், நீங்க மிதக்குறீங்க! ரெண்டு கையும் விரிஞ்சிருக்கு, காலும் மேல வந்திருச்சு! சார்!

— அவருக்குக் கேக்காதுக்கா. காது தண்ணிக்குள்ள இருக்கு.

— எனக்கென்ன, நான் கத்துவேன். சார், மிதக்குறீங்க!

— …ப்பூ! ஐயோ. என்னாச்சு? எவ்வளவு தூரம் போனேன்?

— நாலு ஆள் நீளம் சார். கம்பி அதோ, அங்க இருக்கு.

— அங்கேயா? அது என் கம்பியா? அவ்வளவு சிறிதாகவா இருக்கிறது?

— மூச்சு வாங்கிக்கங்க சார். மூக்குல தண்ணி போயிருக்கும், அப்படித்தான் எரியும்.

— ஒரு சந்தேகம். சற்று முன் நான் உங்களை "டேய்" என்றேனா?

— ரெண்டு தடவ சார்.

— "விட்டுட்டேனே" என்றும் சொன்னேனா?

— அதுக்கு முன்னாடி "புடிடா"ன்னீங்க சார்.

— மன்னிக்க வேண்டும். ஆயுள் முழுவதும் ஒருவரையும் அப்படி அழைத்ததில்லை. உள்ளேயிருந்து கத்தினானே ஒருவன், அவன் யாரென்றே எனக்குத் தெரியவில்லை.

— நல்லாத்தான் சார் இருக்காரு அவரு. அடிக்கடி கூட்டிட்டு வாங்க.

— இருக்கட்டும். நீங்கள் சொன்ன "அப்புறம்" வந்துவிட்டது. உங்களுக்கு என்ன பயம்?

— உங்களைப் பாத்துத்தான் சார்.

— என்னைப் பார்த்தா? அதோ அந்த உயரப் பலகையிலிருந்து தலைகீழாகக் குதிக்கிறீர்கள். உங்களுக்கா பயம்?

— கீழ தண்ணிதான சார் இருக்கு. நீங்க நின்னா குதிச்சிருக்க மாட்டேன்.

— சார், இவன் வெக்கப்படுறான், நான் சொல்றேன். ஒரு வாரமா வீட்டுல ஃபிரிட்ஜ் முன்னால நின்னு ஒத்திகை. கைப்பிடியப் பாத்து "கம்பியை விடுங்க சார், கம்பியை விடுங்க சார்"ன்னு. எங்கம்மா பயந்துபோய், ஃபிரிட்ஜுல ஷாக் அடிக்குதுன்னு ஆளைக் கூப்பிட்டுட்டாங்க.

— ஒரு வாரமா? அந்த மூன்று சொற்களுக்காகவா?

— ரெண்டு நாள் வாய் வரைக்கும் வந்துச்சு சார். நீங்க "என்ன?"ன்னு பாத்தீங்க. "தொப்பி நல்லாருக்கு சார்"னு சொல்லிட்டுப் போயிட்டேன்.

— ஆமாம், சொன்னீர்கள். அன்றைக்கு முழுவதும் நான் மகிழ்ச்சியாக இருந்தேன். ஆனாலும், "விடுங்கள்" என்று முழுமையாகவே சொல்லியிருக்கலாம்.

— அந்த "கள்" வரைக்கும் தைரியம் பத்தல சார்.

— அம்மா, குறித்துக்கொள்ளுங்கள். என் முறையீட்டை முழுமையாகத் திரும்பப் பெறுகிறேன். நாளைக் காலை, குழந்தைகள் அத்தனை பேர் முன்னிலையிலும், முதலில் கம்பியை விடுவது நான். பயந்துகொண்டேதான் விடுவேன், அதை மறைக்க மாட்டேன். "டேய்" வந்தாலும் வரட்டும். அதற்கு முன் அவர்களிடம், பெரிய கோச் நான் அல்ல, இவர்தான் என்று சொல்லுவேன்.

— சொல்லுங்க சார். அந்த அம்மா வந்தா அவங்ககிட்டயும் சொல்லுங்க. தரையைத் தொடச்சு தொடச்சு இவனுக்கு முதுகு வலி.

— இன்னொரு உதவி. என் கை ஈரமாக இருக்கிறது. அந்தத் துண்டின்மேல் இருக்கும் என் போனை எடுத்து என் மனைவியை அழைத்துக் கொடுங்கள். சத்தமாகக் கேட்கும்படி வையுங்கள்.

— "இல்லத்தரசி"ன்னு போட்டிருக்கே, இதுவா சார்?

— அதுதான்.

— அடிக்குது சார். …எடுத்துட்டாங்க. பேசுங்க.

— சொல்லுங்க. புகார் குடுத்தாச்சா?

— குடுத்தேன். அதைத் திரும்ப வாங்கிட்டேன். கேளு, நான் கம்பியை விட்டுட்டேன்!

— எதை விட்டீங்க? என்ன பேச்சே ஒரு மாதிரி இருக்கு? தண்ணி கிண்ணி போட்டிருக்கீங்களா, காலங்காத்தால?

— போடவில்லை. கொஞ்சம் குடித்தேன். குளோரின் கலந்தது.

— வெளங்குற மாதிரி சொல்லுங்க.

— இந்த ஐந்து மாதமும் நான் ஓரத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டுதான் நின்றேன். உன்னிடம் சொல்ல வெட்கமாக இருந்தது. இன்றைக்கு விட்டுவிட்டேன். மிதந்தேன். ஞாயித்துக்கிழமை நானும் ஏரியில எறங்குறேன். உன்கூட. கேக்குதா?

— கேக்குது. நீங்க எறங்க வேண்டாங்க.

— ஏன்? பைக்காகச் சொல்கிறாயா? உன் தங்கை கணவரிடம் கொடுத்துவிடலாம்.

— பை கெடக்குது. அதுல என்ன இருக்கு, ரெண்டு துண்டும் ஒரு சீப்பும். அதை யாரு தூக்கிட்டுப் போகப் போறா?

— பின்னே?

— எனக்கு நீச்சல் தெரியாதுங்க. ராட்டினத்துல ஏறுனா தலை சுத்தும். மலை மேல போனா கீழ பாக்க மாட்டேன். எனக்கு எல்லாத்துக்கும் பயம்தான்.

— உனக்கா? நீதானே எல்லாவற்றிலும் முதலில் குதிப்பாய்!

— குதிப்பேன். குதிச்சதும் திரும்பிப் பாப்பேன். கையில பையை வெச்சிட்டு, ஒரு எட்டு நகராம, நீங்க அங்கயே நின்னுட்டிருப்பீங்க. அந்தத் தைரியத்துலதான் இத்தனை வருஷமும் குதிச்சேன். நீங்களும் உள்ள எறங்கிட்டா நான் யாரைத் திரும்பிப் பாக்கறது? என்னங்க? லைன்ல இருக்கீங்களா?

— இருக்கேன்.

— சார், அழுறீங்களா?

— இல்லை அம்மா. குளோரின். …இங்கே பார். உனக்கும் பயம், எனக்கும் பயம். என் கையை நீ பிடித்துக்கொள், உன் கையை நான் பிடித்துக்கொள்கிறேன். ரெண்டு பேரும் எறங்குவோம்.

— எறங்கிட்டு? கரையில யாருங்க நிக்கிறது?

— அதற்கு ஆள் இருக்கிறார். முதல் வரியிலிருந்து இதுவரை படித்துக்கொண்டு, கால்கூட நனையாமல், எங்களையே வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்கிற உங்களைத்தான் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலை ஏரிக்கரைக்கு வந்துவிடுங்கள். பையைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். நாங்கள் திரும்பிப் பார்க்கும்போதெல்லாம் கண்ணில் படுகிற இடத்தில், ஓர் அடியும் நகராமல் நில்லுங்கள்.